முப்பது உருண்டை அபின்

1949 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. ஒரு சொட்டுத் தூறல் இல்லை, கடல் காற்றும் வரவில்லை. மயிலாப்பூர் முழுக்கப் புழுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு தையல்கடைக்குள், ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குச் சரிபார்க்கும் குமாஸ்தா. பெரிய குமாஸ்தா வேலைக்கு நேர்முகம் வைத்திருந்தார்கள். கோட்டுப் போட்டு வருகிறவனுக்குத்தான் அந்த வேலை என்று ஆபீசில் பேச்சு. அரை நாள் லீவு போட்டுவிட்டு அளவு பார்க்கப் போயிருந்தேன்.

தையல்காரருக்கு அறுபது வயதிருக்கும். உருது பேசும் குடும்பம். ஆனால் மூன்று தலைமுறையாக அந்தச் சந்திலேயே இருந்தவர் என்பதால் அவர் பேசிய தமிழ் சந்தின் தமிழ்தான். எல்லோருக்கும் அவர் பாய். எனக்கும் அப்படித்தான். ரம்ஜான் மாதத்தின் கடைசி வாரங்கள் அவை. பெருநாள் துணி கடை முழுக்கக் குவிந்து கிடந்தது. அவர் அன்று நோன்பில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசினார்.

பாய் அபின் சாப்பிடுகிறவர் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒளிவுமறைவே கிடையாது. பல வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு ரத்தக் கழிச்சல் வந்து உயிர் போகிற நிலைமை. அப்போது அபின் கொடுத்து நிறுத்தியவர் ஒரு சர்க்கார் டாக்டர். கழிச்சல் நின்றது, அபின் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடையில் யார் வேண்டுமானாலும் காசைக் கொடுத்து அபின் வாங்கலாம். வாங்கினார். பட்டணத்துக்கு மதுவிலக்கு வந்த பிறகு பெர்மிட் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை தோறும் ஒரு வாரத்து அளவு. அதற்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. பாய் அதை வாங்கி வந்து துணி வெட்டும் பலகையில் வைத்து மிளகு அளவுக்குப் பதினாலு உருண்டையாக உருட்டிக் காய வைப்பார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போதையா என்று கேட்டால், பட்டணத்து வக்கீல்களின் கோட்டுகளை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். அவர் போட்ட தையல் ஒன்றுகூடக் கோணியதில்லை.

அன்று அளவு பார்க்கும்போது பேச்சு அதைப் பற்றித்தான் வந்தது.

"நோன்புல எப்படி பாய் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பகல் உருண்டைய உட்டுட்டேன் தம்பி. நோன்பு தொறந்தப்புறம் ஒண்ணு. அவ்ளோதான். கைய கொஞ்சம் தூக்கு."

"ராத்திரியிலே இரண்டாகப் போட்டுக்கலாமே?"

"போட்டுக்கலாம். யாரு கேக்கப்போறா? ஆனா அது நோன்ப ஏமாத்தற மாதிரி."

மிச்சமாகும் உருண்டைகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு மிச்சம் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. பாய் முகம் மலர்ந்தார். ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு வாரம் ரேஷன் வாங்காமல் விட்டால் பெர்மிட்டை அடியோடு வெட்டிவிடுவார்களாம். பெருநாளுக்குப் பிறகு வயிறு மறுபடி கெட்டால் என்ன செய்வது? அதனால் வாரா வாரம் வாங்கிவிடுகிறார். பகல் உருண்டைகளைத் தனி டப்பாவில் சேர்க்கிறார். பெருநாள் முடிந்ததும் அந்த டப்பாவை அப்படியே பெர்மிட் ஆபீசுக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்து, எனக்குப் பாதி போதும், பாதியாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறார்.

"சும்மா வாயால சொன்னா நம்புவானா? டப்பாவ காட்டினா நம்புவான்ல?"

"எதுக்கு பாய் இந்த வயசில இந்த வைராக்கியம்?"

"பேத்தி தம்பி. அஞ்சு வயசு. தாத்தா வாய் கசப்பு நாத்தம் அடிக்குதுன்னு மடியில ஒக்கார மாட்டேங்குது கழுதை."

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பக்கத்துச் சோடாக் கடையில் சத்தம் கேட்டது. மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு சேவகர்களோடு வந்திருந்தார். சோடாக் கடையில் சாராயம் விற்பதாக யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து மோந்து பார்த்தார்கள். சந்து முழுக்கக் கூடிவிட்டது.

"சார், கோலி சோடாவுல கோலிதான் சார் கீது!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். இன்ஸ்பெக்டரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

வெறுங்கையோடு திரும்ப அவருக்கு மனசில்லை என்று நினைக்கிறேன். ஒரு சேவகன் அவர் காதில் ஏதோ சொன்னான். மூன்று பேரும் தையல்கடைக்குள் நுழைந்தார்கள்.

"இன்னா பாய், அபின்லாம் எப்டி? சவுக்கியமா?"

பாய் மெஷின் டிராயரிலிருந்து பெர்மிட்டை எடுத்து நீட்டினார். ரேஷன் டப்பாவையும் திறந்து காட்டினார். எட்டு உருண்டை. சனிக்கிழமை வாங்கியதில் அந்த நேரத்துக்கு எட்டுதான் இருக்கவேண்டும். இன்ஸ்பெக்டர் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொள்ளக் காலையும் நீட்டிவிட்டார்.

அப்போது பாய் அவரைக் கூப்பிட்டார்.

"சார், இது ரேஷன். இன்னோண்ணு கீது, பாத்துட்டுப் போங்க." பொத்தான் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். "நோன்புல உட்டது சார். இன்னியோட இருவத்திரண்டு."

அவர் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன் வாத்தியாரிடம் பேப்பரை நீட்டுகிற முகம். சர்க்கார் அபினைக் குறைக்கச் சொல்கிறது, நான் குறைத்துவிட்டேன், சர்க்காரே பார் என்கிற மாதிரி. எந்தச் சோதனையிலும் அகப்பட்டிருக்காத டப்பா அது. அவரே எடுத்துக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் செருப்பிலிருந்து காலை எடுத்தார். என்னைப் பார்த்து, "சார் படிச்சவராத் தெரியறீங்க. கொஞ்சம் எண்ணுங்க" என்றார்.

பலகையில் கொட்டி எண்ணினேன். எனக்கு ஒரு தடவை எண்ணினால் போதாது. மூன்று தடவை எண்ணினேன். எட்டும் இருபத்திரண்டும் முப்பது.

"பதினாலுக்கு மேல ஒண்ணு இருந்தாலும் கேஸு" என்றார் இன்ஸ்பெக்டர். "பதினாறு ஜாஸ்தியா கீது."

பாய்க்குப் புரியவில்லை. எனக்கும்தான். "சார், நான் சாப்பிடாம வெச்சது சார் அது" என்றார்.

"அதான். சாப்பிட்டிருந்தா கேஸ் இல்ல."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சட்டத்தை விளக்குகிற மாதிரிதான் சொன்னார். நான் குறுக்கிட்டேன். நோன்பு, பாதி ரேஷன், பெர்மிட் ஆபீசுக்குக் கொண்டுபோகும் யோசனை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கைக் கோட்டுக்குள் வேர்த்து வடிந்தபடி கத்தினேன் என்றே சொல்லவேண்டும். கோர்ட்டில் சொல்லுங்கள் என்றார். சோதனை மகஜரை எழுதி, சாட்சி என்று என்னிடமே கையெழுத்து வாங்கினார். எண்ணினவர் நீங்கள்தானே என்றார். ஆமாம், எண்ணினவன் நான்தான்.

பாய் அப்போது செய்ததுதான் என்னை நிலைகுலைய வைத்தது. சேவகன் கையைப் பிடிக்க வந்தான். "ஒரு நிமிசம் நைனா, தம்பி மேல ஊசி கீது" என்று சொல்லிவிட்டு, என் கோட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவினார். கோட்டை என் மேலிருந்து கழற்றி மடித்து வைத்தார். அதற்குப் பிறகுதான் போனார்.

கடைக்குச் சீல் வைத்தார்கள். பெருநாளுக்கு எட்டு நாள்தான் இருந்தது. சந்திலிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "எங்க புள்ளைங்க சொக்காலாம் உள்ள கீது சார்! அதுங்க இன்னா அபினா துன்னுச்சுங்க?" என்று ஒருத்தி இன்ஸ்பெக்டரை வழிமறித்தாள்.

வீட்டில் என் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டா, கோட்டுத் தெச்சுக்கப் போறேன்னுட்டு அபின் கேஸ்ல கையெழுத்துப் போட்டுண்டு வந்து நிக்கறயே! ஆபீஸ்ல தெரிஞ்சா பிரமோஷன் குடுப்பாளா? ஆத்துல யார்கிட்டயும் மூச்சு விடாதே." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அபின் என்ற சொல்லே அப்படி. அதைக் கேட்டவுடன் எத்தனை, எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் பாயின் மனைவி வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அந்த அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை. அழவில்லை. கோபமாக இருந்தார்.

"எண்ணினவரு நீங்கதானே? நீங்களே சொல்லுங்கய்யா, எங்க ஊட்டுக்காரரு திருடனா?"

"இல்லைம்மா."

"அப்ப வாங்க, அவனுங்ககிட்ட வந்து சொல்லுங்க. லாக்கப்புல ராத்திரியே வயித்தால போவ ஆரம்பிச்சிடுச்சு. அந்த மனுசன் அங்கயும் நோன்ப உடல. குடுத்த கஞ்சிய பக்கத்துல இருக்கிறவனுக்குக் குடுத்துட்டாராம்."

போனேன். அப்பாவுக்குச் சொல்லாமல் போனேன். மூன்றாம் நாள் ஜாமீன் கிடைத்தது, கடையின் சீலையும் எடுத்தார்கள். ஆனால் பெர்மிட்டையும் சாட்சிப் பொருளாகக் கேஸ் கட்டோடு கோர்ட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பெர்மிட் இல்லாமல் கடையில் ஓர் உருண்டைகூடக் கிடைக்காது. நான் பெர்மிட் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த குமாஸ்தா தலையைத் தூக்கவே இல்லை.

"பெர்மிட் எங்கே?"

"கோர்ட்டில் இருக்கிறது."

"அங்கேயிருந்து வந்ததும் வாங்கோ."

"அதுவரைக்கும் மனுஷன் என்ன செய்வார்? அவருடைய ரேஷனான எட்டு உருண்டையையாவது திருப்பிக் கொடுக்கலாமே? அதில் குற்றம் ஒன்றுமில்லையே?"

"அதுவும் சாட்சிப் பொருள் சார்."

பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு மருந்தை ஒரு மனிதனின் உடம்பில் பழக்கியது சர்க்கார் டாக்டர். விற்றது சர்க்கார் லைசென்ஸ் கடை. திடீரென்று ஒரு நாள் அதைப் பிடுங்கியதும் சர்க்கார்தான். மூன்றும் ஒரே சர்க்கார் என்பது அந்த மூன்று மேஜைகளில் ஒன்றுக்கும் தெரியவில்லை.

பெர்மிட் இல்லாமலும் அபின் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு என்று பாயின் மனைவி ஜாடையாகச் சொன்னார். மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்று பங்கு விலைக்கு. நான் போய் வாங்கி வரத் தயாராகவே இருந்தேன். பாய் ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். "இப்ப நான் திருடன் இல்ல தம்பி. அத வாங்கினா திருடன்." பெருநாள் துணிகளை அவர் தைத்து முடித்ததை நான் பார்த்தேன். பத்துத் தையலுக்கு ஒரு முறை எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. குளிரும் நடுக்கமும் வேறு. மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், பிறகு மறுபடியும் மிதிப்பார்.

வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். கோபாலபுரத்தில் வீடு. பாய் தைத்த கோட்டுத்தான் போட்டிருந்தார். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. கேஸ் கட்டைப் பத்து நிமிடம் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஒரு கேஸே இல்லை. ரெண்டாவது டப்பா எங்கே இருந்தது? கடையில, பொத்தானுக்குப் பின்னால. கடைக்கு நாலு பேர் வர்றா, போறா. அது என்னோடது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ பாய். மிச்சம் இருக்கிறது எட்டு. பதினாலுக்குக் கம்மி. போய்ண்டே இருக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எத்தனை எண்ணினேள்னு கேட்டா அதை மட்டும் சொல்லுங்கோ. நோன்புக் கதையெல்லாம் அவிழ்த்து விடாதீங்கோ."

பாய் சொன்னார்: "வக்கீல் சார், இருவத்திரண்டு நாளு காஞ்ச வயித்தோட சேத்தது அது. அத என்னோடது இல்லன்னா அந்த நோன்பும் என்னோடது இல்லன்னு ஆயிடுமே."

"பாய், சட்டத்திலே இதுக்குக் குறைஞ்சபட்சத் தண்டனைன்னு ஒண்ணு இருக்கு. மூணு மாசம். மாஜிஸ்திரேட்டே நினைச்சாலும் குறைக்க முடியாது. உள்ளே போனா இந்த உடம்பு தாங்குமா?"

"தாங்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்பவும் என்னோடதுதான்." என்னைப் பார்த்து, "தம்பி, நீ எண்ணினத எண்ணினபடி சொல்லு. ஏன் சேந்துச்சுன்னும் சொல்லு. சொன்னா அவருக்குப் புரியாமலா போவும்?" என்றார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். படித்தவன் இல்லையா? உண்மையைச் சரியான வரிசையில் அடுக்கி, கூட்டல் பிழையில்லாமல் சொன்னால் போதும், கோர்ட் ஏற்றுக்கொண்டுவிடும் என்று மனசார நம்பினேன்.

ஆகஸ்டில் விசாரணை வந்தது. எங்கள் கேசுக்கு முன்னால் ஒரு பெரிய மனிதரின் கேஸ். அவருக்கு உடம்புக்காகப் பிராந்தி வைத்துக்கொள்ளப் பெர்மிட் உண்டு. எழுதியிருந்ததைவிட மூன்று பாட்டில் அதிகமாக இருந்திருக்கிறது. மதுவிலக்கு இலாகா அதைக் கணக்குத் தவறு என்று எழுதிக் கொண்டுவந்திருந்தது. எச்சரித்து அனுப்பினார்கள். அவர் வாசலில் நின்ற மோட்டாரில் ஏறிப் போனார். மூன்று பாட்டில் கணக்குத் தவறு, பதினாறு மிளகு குற்றம். அன்று நான் கோர்ட் வராந்தாவில் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கூண்டில் ஏறினேன். மாஜிஸ்திரேட் வயதானவர், பொறுமைசாலி. ஆங்கிலத்தில் விசாரித்தார். நானும் ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். எட்டு உருண்டை ரேஷனில் மிச்சம், இருபத்திரண்டு உருண்டை இருபத்திரண்டு நோன்பில் மிச்சம். ஒன்றுகூட வெளியிலிருந்து வரவில்லை. ஒன்றுகூட விற்பதற்காக இல்லை. இந்த மனிதர் தன் தேவையைப் பாதியாகக் குறைத்ததற்கு அந்த டப்பா சாட்சி. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு கேட்டார்: "அப்படியானால் முப்பதும் அவருடையதுதான் என்பதில் உங்களுக்குச் சந்தேகமில்லை?"

"இல்லை."

"அவை அங்கே இருப்பது அவருக்குத் தெரியும்?"

"அவரே சேர்த்து வைத்தார்."

"உங்கள் கணக்கு மிகச் சரியாக இருக்கிறது" என்றார் மாஜிஸ்திரேட், பேனாவை வைத்துவிட்டு. "இலாகா நிரூபிக்க வேண்டியது அவ்வளவுதான்."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நான் விடவில்லை. "அவர் அவற்றைச் சாப்பிட்டிருந்தால் குற்றவாளி இல்லை. சாப்பிடாமல் விட்டதற்காகவா தண்டிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். கோர்ட்டில் அப்படிக் கேட்கக் கூடாது. கோர்ட்டுச் சேவகன் என்னை அதட்டினான். மாஜிஸ்திரேட் அவனைக் கையமர்த்திவிட்டு, "இந்தச் சட்டத்தை எழுதியவன் நான் இல்லை. இதில் ஏன் என்று கேட்க எனக்கு இடம் வைக்கவில்லை. எவ்வளவு என்று மட்டும்தான் கேட்கலாம்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும்போது அனுப்புகிறவர் வருத்தப்பட்டாரா இல்லையா என்பதால் ஒரு நாளாவது குறைந்ததா?

மூன்று மாதக் கடுங்காவல், ஐம்பது ரூபாய் அபராதம். கட்டத் தவறினால் இன்னும் ஒரு மாதம். அபராதத்தை நான் கட்டினேன். பெருநாள் கூலியைப் பாதிப் பேர் இன்னும் பாக்கி வைத்திருந்த வீட்டில் ஐம்பது ரூபாய் எங்கிருந்து வரும்?

சிறைக்குப் போய்ப் பார்த்தேன். கழிச்சல் அதிகமாகி முதல் பன்னிரண்டு நாள் அங்கே ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்களாம். பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. பிழைத்தார். நான் பார்த்தபோது தையல் கொட்டகையில் போட்டிருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "இங்க அளவே எடுக்க வேணாம் தம்பி. குண்டனுக்கும் ஒல்லிக்கும் ஒரே நிஜாரு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பீல் போட்டேன். அப்பா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பெரிய குமாஸ்தா வேலை வேறொருவருக்குப் போயிற்று. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன். அப்பீல் தீர்ப்பு வந்தது தை மாதத்தில். பாய் மூன்று மாதத்தையும் முழுதாகக் கழித்துவிட்டு மழைக் காலத்திலேயே வெளியே வந்துவிட்டார். தண்டனை அனுபவித்த அளவோடு போதுமாம். அபராதத்தைத் திருப்பித் தரவேண்டுமாம். குற்றவாளி என்பது மட்டும் நிலைக்குமாம். அனுபவித்து முடித்த தண்டனையில் எதைக் குறைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஐம்பது ரூபாயைத் திரும்ப வாங்க இரண்டு மனு எழுதி ஸ்டாம்பு ஒட்டினேன்.

அந்த இன்ஸ்பெக்டரை லஸ் முனையில் ஒரு நாள் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டு அவரே வந்து பேசினார். "பாத்தீங்களா சார், உங்க பாய சுத்தமா குணப்படுத்திட்டோம். இப்போ அபினத் தொடறதே இல்லியாமே?" நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. வந்த டிராமில் ஏறிவிட்டேன். ஏறிய டிராம் வேறு பக்கம் போகிற டிராம்.

பாய் அபினைத் தொடவில்லை என்பது உண்மைதான். தொட வழியும் இல்லை, தண்டனை பெற்றவருக்குப் பெர்மிட் கிடையாது. வயிற்றுக் கோளாறு திரும்பி வந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் நடந்தது. வக்கீல் வீடுகளிலிருந்து கோட்டு வருவது நின்றுபோயிற்று. முன்பு அபின் சாப்பிட்ட பாயிடம் கூசாமல் தைத்துக்கொண்டவர்கள்தான் எல்லோரும். ஜெயில் பாயிடம் தைத்துக்கொள்ள அவர்களுக்குக் கூசியது. வாணியம்பாடியில் மகன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். பேத்தியையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றார் அவர் மனைவி.

புறப்படும் அன்று போயிருந்தேன். மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது. அபினிலிருந்து முழுக்க விடுபட்டுவிட்டீர்களே பாய், பேத்திக்காக நீங்கள் நினைத்தது அதுதானே என்று சொல்லிவிட்டேன். அவர் கயிற்றைக் கட்டுவதை நிறுத்தினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

"பாதிய நானே உட்டேன் தம்பி. யாரும் சொல்லாம, யாரும் அடிக்காம. மீதிப் பாதியையும் என் கையாலயே உட்டிருப்பேன். அத புடுங்கிட்டானுங்க. இப்போ போய் சொல்லிப் பாரு. மொதப் பாதிய நான் உட்டேன்னு ஒருத்தன் நம்புவானா? எல்லாத்தையும் ஜெயிலு உட வெச்சுதுன்னுதானே சொல்றானுங்க? எம் பேத்தியே அப்டித்தான் சொல்லுது."

மூன்று மாதம் என்பதைவிட இந்தத் திருட்டுத்தான் பெரிய தண்டனை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அதற்கு எந்தச் சட்டத்திலும் அளவு எழுதியிருக்காது. அவர் வாணியம்பாடியில் இன்னும் ஆறு வருஷம் இருந்தார். நானும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அபின் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எனக்கு இப்போது எண்பத்தொரு வயது. யாரோ ஒருவரை ஒரு சிட்டிகைப் பொருளோடு பிடித்து உள்ளே தள்ளினார்கள் என்று பேப்பரில் இன்றும் வருகிறது. எத்தனை கிராம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் தேடுகிறேன். அது ஏன் அவரிடம் இருந்தது என்று யாராவது கேட்டார்கள் என்ற செய்தி மட்டும் அதில் இருப்பதில்லை. அந்த ஒரு கேள்வியை ஒரு கோர்ட்டின் காதில் போட்டுவிடலாம் என்று நான் ஒரு முறை முயன்று பார்த்தேன். அதற்கு, அபராதம் திரும்பி வந்தது போக, எனக்கு ஆன செலவு மொத்தம் நூற்றுப் பதினேழு ரூபாய் எட்டணா.